ஒன்பதாவது பிட்

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஜனாபா எழுபதையும் எழுபதையும் கூட்டினாள். நூற்று நாற்பது வந்தது. அதற்குப் பிறகு அவள் பென்சில் நகரவில்லை.

மேலப்பாளையத்தில் அவள் வீட்டு மாடியறை அது. வெளியே மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. மதுரையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு அவள் எழுதிய கட்டுரை திங்கட்கிழமை தபாலில் சேர வேண்டும். கடைசி அட்டவணையில் ஒரே ஒரு வரி பாக்கி. அதை நிரப்பிவிட்டு லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட இறங்கலாம் என்றிருந்தாள். அந்த ஒரு வரிதான் காலை வாரிவிட்டது.

ஜனாபாவுக்கு முப்பத்திரண்டு வயது. திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தாள். கணவர் முஹ்சினுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. துணைக்குத் தங்கச்சி அர்ஷியா வந்து இருந்தாள். கல்லூரி நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இரண்டு வருஷமாக ஜனாபா ஒரு எலெக்ட்ரானிக் கார்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் அளவு. ஓடுகிற எந்திரத்தின் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். அதில் கலந்து கிடக்கிற பலவிதமான ஆட்டங்களை வேகவாரியாகத் தனித்தனியே பிரிக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு பலம் என்று நொடிக்கு ஒருமுறை எண்ணாகச் சொல்லும். எண் எல்லையைத் தாண்டி, மூன்று நொடி தொடர்ந்து அப்படியே நின்றால் எந்திரத்தை நிறுத்திவிடும்.

ஃபூரியர் உருமாற்றம் என்று பாடப்புத்தகத்தில் நாலு பக்கத்தில் முடிந்துவிடுகிற கணக்குதான். பெரிய கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜனாபாவிடம் இருந்ததோ பெங்களூரிலிருந்து வரவழைத்த சின்ன சிப் ஒன்று. அதற்குள் நூற்று நாற்பத்துநான்கு கட்டங்கள். அவற்றை இணைத்துத்தான் எதையும் செய்தாக வேண்டும். பெருக்கல் செய்கிற சுற்றுகளை வைத்தால் நாலைந்திலேயே சிப் நிரம்பிவிடும். ஆகவே அவள் பெருக்கலையே ஒழித்துவிட்டாள். எண்ணை ஓரிடம் தள்ளினால் இரண்டு மடங்கு. ஈரிடம் தள்ளினால் நாலு மடங்கு. தள்ளுவதற்குக் கட்டம் எதுவும் செலவில்லை, கம்பியை மாற்றி இழுத்தால் போதும். இப்படித் தள்ளித் தள்ளிக் கூட்டியே எல்லாப் பெருக்கலையும் சமாளித்தாள். முடிவில் நூற்று நாற்பத்துமூன்று கட்டம் நிறைந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த இட நெருக்கடியில் அவள் ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தாள். எண்கள் எல்லாம் எட்டு பிட்டில், அதாவது ஒன்றும் சைபருமாக எட்டே இலக்கத்தில் ஓடின. பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் எட்டு பிட்டில் நூற்று இருபத்தேழு வரைக்கும்தான் எண்ண முடியும். இரண்டு எட்டு பிட் எண்களைக் கூட்டினால் விடைக்கு ஒன்பதாவது பிட் ஒன்று வேண்டும். கடைசிக் கூட்டலில் அந்த ஒன்பதாவது பிட்டுக்கு இடம் இல்லை. நோட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டு, 'எல்லை 90. அதற்கு மேல் போகுமுன் எந்திரம் நின்றுவிடும். 127ஐத் தாண்ட வராது' என்று எழுதி வைத்திருந்தாள்.

அது அப்போது சரிதான். எல்லை தொண்ணூறாக இருந்தவரைக்கும் சரிதான்.

இப்போது அந்தக் கார்டு சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு நூற்பாலையில் பெரிய டீசல் ஜெனரேட்டரின் தலைமாட்டில் இருந்தது. ஆகஸ்டில் அதைப் பொருத்தினார்கள். அதுவரை ஜெனரேட்டரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பேரிங்கையும் அடித்தளத்தையும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். கார்டு வந்த பிறகு அந்த நிறுத்தம் தேவையில்லை என்று மில் மேனேஜர் ஒரு கடிதம் கேட்டார். ஜனாபா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பரில் கார்டு மூன்று தடவை ஜெனரேட்டரை நிறுத்தியது. மில்லின் எலெக்ட்ரிகல் எஞ்சினியர் காந்திமதிநாதன் பேரிங்கைத் திறந்து பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. 'உங்க கார்டுக்கு வெறும் பயம் மேடம். எல்லையைக் கொஞ்சம் கூட்டுனா என்ன?' என்று போனில் கேட்டார். பெருக்கலுக்குப் பதில் கூட்டி வைத்ததில் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டுகிறதோ என்று ஜனாபாவுக்கே சந்தேகம். எல்லையை நூற்று இருபதாக மாற்றச் சொன்னாள். நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடு ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்று அட்டவணைக்காகப் புதிய எல்லையை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் வந்தது. எழுபதும் எழுபதும் நூற்று நாற்பது. எட்டு பிட்டுக்குள் அது அடங்காது. அப்படியே குப்புறக் கவிழ்ந்து மைனஸ் நூற்றுப் பதினாறாகிவிடும். கார்டு மைனஸைப் பார்க்காது, அளவை மட்டும்தான் பார்க்கும். நூற்றுப் பதினாறு. எல்லைக்குக் கீழே. பச்சை விளக்கு.

அவள் மேலே போட்டுப் பார்த்தாள். நூற்று அறுபதை கார்டு தொண்ணூற்றாறு என்று படிக்கும். இருநூறை ஐம்பத்தாறு என்று படிக்கும். எந்திரம் தன்னால் முடிந்த மட்டும் ஆடி இருநூற்று ஐம்பத்துநாலைத் தொட்டால், கார்டு இரண்டு என்று சொல்லும். எந்திரம் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி என்று அர்த்தம். நூற்று இருபதுக்கும் நூற்று முப்பத்தாறுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு வாசல். அதில் மூன்று நொடி நின்றால்தான் கார்டுக்குக் கண் தெரியும். ஒரே தாவாகத் தாண்டிவிட்டால் தெரியாது.

அவள் எழுந்து கீழே ஓடினாள்.

மில்லுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. ஒரு தடவை கரகரவென்றது. மறுபடி போட்டால் அதுவும் இல்லை. அர்ஷியா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"லைன் செத்துக் கெடக்கு லாத்தா. மழையில எங்கயாவது கம்பி விழுந்திருக்கும்."

"நீ விடாம போட்டுக்கிட்டே இரு. காந்திமதிநாதன் சார் கெடச்சாருன்னா, ஜெனரேட்டரை ஒடனே நிறுத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"ஏன்னு கேப்பாகளே?"

"கூட்டல் தப்புன்னு சொல்லு."

அர்ஷியா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "இந்த மழையில நீ எங்கன கெளம்புத?"

"மில்லுக்கு."

"சோறு வடிச்சாச்சு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்."

"வந்து சாப்பிடுதேன்."

அம்பை ரோட்டில் பாபநாசம் பஸ் கூட்டமாக வந்தது. ஜன்னல்களில் தார்ப்பாய் இறக்கியிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாடை. ஜனாபா பின்படியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் நோட்டு, பென்சில், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். வேறு எதை எடுத்துவர வேண்டும் என்று யோசிக்கவே அவளுக்குத் தோன்றவில்லை.

மாடக்கண்ணு எங்கே உட்காருவார் என்ற நினைப்புதான் அவளை விடாமல் அரித்தது. ஜெனரேட்டர் ஆபரேட்டர் அவர். கார்டு வருவதற்கு முன் கூடத்தின் கடைசியில், வாசலோரம் உட்கார்ந்திருப்பார். கார்டு பொருத்திய அன்று அவளே சொன்னாள்: 'அண்ணாச்சி, மணிக்கொரு தடவ இந்த நம்பரப் பாத்து எழுதிக்கிடுங்க.' தூரத்திலிருந்து எண் தெரியவில்லை என்று அவர் ஸ்டூலைத் தூக்கி வந்து கார்டுக்கு அடியிலேயே போட்டுக்கொண்டார். ஆட்டக்காரன் போல ஆடுகிற அந்த இரும்புக்கும் அவருக்கும் நடுவே நாலடி இருக்கும். மத்தியானச் சாப்பாடுகூட அங்கேதான்.

பத்தமடை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி போவாது. கால்வா தண்ணி ரோட்டு மேல ஓடுது. மொழங்காலளவு இருக்கு."

"எவ்வளவு நேரமாகும்?" என்று ஜனாபா கேட்டாள்.

"அதத் தண்ணிட்டதாம்மா கேக்கணும்."

அரைமணி நேரம் பஸ்ஸுக்குள் நின்றாள். அந்த அரைமணியில் முந்நூறு தடவையாவது 'வராது' என்று தான் எழுதிய அந்தச் சொல்லை மனசுக்குள் வாசித்திருப்பாள். எவ்வளவு தைரியமான கையெழுத்து! எந்திரத்திடம் கேட்காமல், இரும்பிடம் கேட்காமல், தன்னிடம் இடமில்லை என்பதற்காக அது வராது என்று எழுதியிருக்கிறாள். பிறகு அவளால் நிற்க முடியவில்லை. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நாலைந்து பேர் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தார்கள். செம்மண் கலந்த தண்ணீர், வேகமாக. நடுவில் போனபோது பர்தா காலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. முன்னால் போன ஒரு பெண் திரும்பி நின்று கையை நீட்டினாள்.

"பையப் பைய வாங்க. பள்ளம் கெடக்கு. என் கையக் கெட்டியா புடிச்சுக்கிடுங்க. அப்படி என்ன அவசரம், வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலியா?"

"ஆமா" என்றாள் ஜனாபா. அது பொய்யாக அவளுக்குப் படவில்லை.

மறுகரையில் திரும்பி நின்ற ஒரு பஸ் அவளை மில் வாசலில் இறக்கிவிட்டபோது மணி இரண்டரை. கேட்டைத் தாண்டும்போதே ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடுகிறது. அப்படியானால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது, அடுத்த அடியில் மறுபடி நின்றது. ஓடுகிறது என்பதுதானே பயமே.

கூடத்தில் மாடக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சரம்மா இது, இப்படி நனைஞ்சு வந்திருக்கீய?" என்று சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேல் சிவப்பாக எரிந்த எண்ணைப் பார்த்தாள். நூற்று நாலு. பக்கத்தில் பச்சை விளக்கு.

"அண்ணாச்சி, முதல்ல நீங்க இங்கன வாங்க. அந்தப் பக்கம் நிக்காதீங்க. நம்பர் எழுதுன தாளையும் எடுத்துக்கிட்டு வாங்க."

வாசலோரம் வந்து நின்று தாளைப் புரட்டினாள். ஆகஸ்டில் நாற்பது, நாற்பத்திரண்டு. செப்டம்பரில் தொண்ணூறைத் தொட்டு மூன்று தடவை நின்ற குறிப்பு. வியாழக்கிழமை தொண்ணூற்றாறு, நூற்றொன்று. வெள்ளிக்கிழமை நூற்றேழு, இரவு நூற்றுப் பன்னிரண்டு. இன்று அதிகாலை நான்கு மணிக்கு நூற்றுப் பதினைந்து. அதற்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று, நூற்றொன்பது, நூற்றாறு, நூற்று நாலு.

"நேத்து வரைக்கும் ஏறிக்கிட்டே போச்சு, எனக்கே ஒரு மாதிரி இருந்துது" என்றார் மாடக்கண்ணு. "காலையில இருந்து தன்னால எறங்குது. மேனேஜர் சாருக்கு ஒரே சந்தோசம்."

தன்னால் இறங்குகிறது. எந்திரத்துக்குக் காய்ச்சலா வந்திருக்கிறது, தன்னால் இறங்க? ஜனாபாவின் விரல் அந்த நூற்றுப் பதினைந்தின் மேல் நின்றது. நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பதினைந்துக்கு ஏறியிருக்கலாம். அல்லது நூற்று நாற்பத்தொன்றுக்கு எகிறியிருக்கலாம். கார்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு அப்புறம் இறங்கியிருக்கலாம், ஏறிக்கொண்டே போயிருக்கலாம். இப்போது மேலே எரிகிற அந்த நூற்று நாலு நிஜமாகவே நூற்று நாலாக இருக்கலாம். நூற்று ஐம்பத்திரண்டாகவும் இருக்கலாம். இரண்டு வருஷம் உட்கார்ந்து தான் செய்த கார்டைப் பார்த்து அவளுக்கே எது என்று சொல்ல முடியவில்லை.

காந்திமதிநாதனும் மேனேஜர் ஞானசம்பந்தனும் குடையோடு வந்து சேர்ந்தார்கள். மேனேஜர் ஐம்பது தாண்டியவர். பட்டை பட்டையாகத் திருநீறு. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஜெனரேட்டரை நிறுத்தணும் சார்" என்றாள் ஜனாபா. "கார்டுல ஒரு தப்பு இருக்கு. என் தப்பு."

"கரன்ட் வியாழக்கெழம போனது. இன்னும் வரல" என்றார் மேனேஜர். "இத நிறுத்துனா நூல் சுத்துத பன்னிரண்டாயிரம் கதிர் நிக்கும். அத்தனை நூலும் அறுந்து போவும். நம்பர் எறங்கிக்கிட்டு வரும்போது நிறுத்தச் சொல்லுதீயளே. எறங்குத காய்ச்சலுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாகளா?"

"எறங்கலைன்னு சொல்லுதேன் சார். ஏறிக்கிட்டே இருக்கோன்னு பயப்படுதேன்." அவளுக்குக் குளிரிலும் பயத்திலும் பல் கிட்டியது. "ஸ்கூட்டர்ல கிலோமீட்டர் காட்டுதே, எல்லாம் ஒன்பதா ஆன பொறகு என்னாகும்?"

"சைபருக்கு வந்துரும்."

"அதே கததான். ஓடுன தூரம் கொறையல, காட்டுததுக்கு இடம் பத்தல. இதுல நூத்தி இருபத்தேழோட இடம் முடிஞ்சுது. அதுக்கு மேல போனா வந்த வழியிலேயே எறங்கிக் காட்டும். அசல்ல ஏற ஏற, இதுல எறங்கும்."

மேனேஜர் காந்திமதிநாதனைத் திரும்பிப் பார்த்தார். காந்திமதிநாதன் ஜனாபாவைவிட நாலைந்து வயது மூத்தவர். மெலிந்த ஆள். செப்டம்பரில் எல்லையைக் கூட்டச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். அவர் முகம் மாறிவிட்டிருந்தது.

"இப்ப எந்தப் பக்கம் இருக்குன்னு எப்படித் தெரியும் மேடம்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பஸ்ஸிலிருந்து விடை தேடிக்கொண்டிருந்தாள். கார்டிடம் கேட்டால் தெரியாது. கார்டுக்குள் போவதையே பாதியாக்கினால் தெரியும். எந்திரத்தின் அதிர்வை வாங்கும் சென்சாரிலிருந்து வரும் கம்பி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் கார்டுக்குப் போனது. அதில் முழுசு, பாதி என்று ஒரு சுவிட்சு உண்டு. சோதனைக்காக அவள் வைத்தது. பொருத்திய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

"சுவிட்சைப் பாதிக்குத் தள்ளுங்க சார். நூத்தி நாலு நெசமா இருந்தா அம்பத்திரண்டு வரும். வந்தா, என் பயம் வீண். உங்க எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்."

"இல்லைன்னா?"

"எழுபத்தாறு வரும். நூத்தி அம்பத்திரண்டுல பாதி."

மேனேஜர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு காந்திமதிநாதன் எந்திரத்தின் பக்கம் நடந்தார். அவர் பின்னால் ஜனாபாவும் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. தரை வழியாக அதிர்வு செருப்பில்லாத காலில் ஏறியது. செருப்பு கால்வாய்த் தண்ணீரோடு போனதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் சுவிட்சைத் தள்ளினார்.

எண் அப்படியே நின்றது. நூற்று நாலு. கார்டுக்கு ஒரு நொடி வேண்டும், அவளுக்குத் தெரியும். அந்த ஒரு நொடிக்குள் அவள் மனமார அம்பத்திரண்டை வேண்டினாள். யா அல்லாஹ், அம்பத்திரண்டு. நான் முட்டாளாகிவிட்டுப் போகிறேன்.

எண் சிமிட்டியது. எண்பத்தொன்பது. மறுபடி சிமிட்டியது.

எழுபத்தாறு.

காந்திமதிநாதன் இன்னொரு நொடி காத்தார். எழுபத்தாறு. திரும்பி மேனேஜரைக் கேட்கவில்லை. இரண்டே எட்டில் கன்ட்ரோல் பெட்டிக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார்.

முதலில் மில் பக்கத்துச் சத்தம் அடங்கியது. பிறகு ஜெனரேட்டர் மூச்சை இழுத்துக்கொண்டு வேகம் குறைந்தது. குறைந்து ஒரு கட்டத்துக்கு வந்ததும் தரையே ஒரு தடவை தூக்கிப் போட்டது. சுவரில் மாட்டியிருந்த தகரப் பலகை கடகடவென்று அடித்துக்கொண்டது. மாடக்கண்ணுவின் ஸ்டூல் தானாக நகர்ந்து நகர்ந்து குப்புற விழுந்தது. நாலு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஆட்டம் நாலைந்து நொடிதான். பிறகு எல்லாம் ஓய்ந்து, கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பேரிங்கைத் திறந்தார்கள். செப்டம்பரில் இருந்த மாதிரியே கண்ணாடியாக இருந்தது.

"பேரிங் நல்லாத்தானே இருக்கு" என்றார் மேனேஜர். அவர் குரலில் முதல்தடவையாகக் கோபம் தெரிந்தது.

ஜனாபா கார்டைத் திரும்பிப் பார்த்தாள். எழுபத்தாறு வந்ததே, அது பொய்யா? அதற்குள் மாடக்கண்ணு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எந்திரத்தைக் காங்கிரீட்டோடு பிடித்து வைத்திருந்த போல்ட்டுகள் எட்டு. முன்பக்கத்து நாலும் இறுக்கமாக இருந்தன. பின்பக்கத்து முதல் போல்ட்டில் அவர் ஸ்பேனரை வைத்ததும் தலை கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெறும் விரலால் திருகினார். அது திரும்பியது. சுற்றியிருந்த காங்கிரீட் மழைத் தண்ணீர் இறங்கிப் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது.

"முதல் போல்ட்டு ஒடஞ்ச எடத்தப் பாருங்க, துருப் புடிச்சிருக்கு" என்றார் அவர். "இது இப்ப ஒடஞ்சது இல்ல. மாசக்கணக்காச்சு. இந்த ரெண்டாவது புதுசு, பளபளன்னு இருக்கு. நேத்து ராத்திரி ஒடஞ்சிருக்கணும்."

காந்திமதிநாதன் உடைந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபடி நின்றார். "செப்டம்பர்ல அது சும்மா நிறுத்தல" என்றார் மெல்ல. "நான் பேரிங்க மட்டும் பாத்தேன். அது சொன்னதக் கேக்காம வாயப் பொத்திவிட்டுட்டேன்."

"நீங்க கேட்டீங்க, நான் சரின்னேன்" என்றாள் ஜனாபா. "என் கார்டு மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு சார். அது சரியாச் சொன்னப்ப சந்தேகப்பட்டேன். அது பொய் சொல்ல ஆரம்பிச்சப்ப நிம்மதியா இருந்தேன்."

அதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் கார்டுக்கு அடியில் போனாள். விழுந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தாள். எந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவே நாலடி.

மேனேஜரின் அறைக்குப் போனதும் ஜனாபா ஆகஸ்டில் தான் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். அதன் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் மறுபடி வர வேண்டும், கார்டு இருந்தாலும் வர வேண்டும் என்று வேறொரு தாளில் எழுதினாள். தப்பு எங்கே, யாருடையது என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். மேனேஜர் இரண்டையும் படித்தார்.

"கார்ட கழத்தி எடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றார். "நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா எனக்கு இனிமே அந்த நம்பரப் பாத்தா தூக்கம் வராது."

ஜனாபா தலையாட்டினாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈரம் படாமல் கார்டை ஒரு பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அர்ஷியா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வடித்த சோறு அப்படியே இருந்தது.

மதுரைக்குக் கட்டுரை போகவில்லை. அந்த நவம்பர் முழுவதும் ஜனாபா சிப்புக்குள் இடம் தேடினாள். ஒன்பதாவது பிட்டை எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது. ஆனால் கூட்டல் கவிழும்போது அதைக் கண்டுபிடித்து, எண்ணை நூற்று இருபத்தேழிலேயே பிடித்து நிறுத்திவிடலாம். இரண்டு பிளஸ் எண்ணைக் கூட்டி மைனஸ் வந்தாலோ, இரண்டு மைனஸைக் கூட்டி பிளஸ் வந்தாலோ அது கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் பத்துப் பன்னிரண்டு கட்டம் வேண்டும். மிச்சம் இருப்பதோ ஒன்று.

பல நாள் அவளுக்கு அது கைக்கு எட்டவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுவிடுவாள். கண்ணை மூடினால் எழுபத்தாறு எரிந்தது. கடைசியில் வழி நூற்று எண்பத்தொன்றில் இருந்தது. அந்த எண்ணால் பெருக்கி இருநூற்று ஐம்பத்தாறால் வகுப்பதுதான் அவள் கார்டு அடிக்கடி செய்த கணக்கு. அதற்கு நாலு கூட்டல் செலவழித்து வந்தாள். ஒருநாள் தேர்வுக் கண்காணிப்பில் உட்கார்ந்திருந்தபோது, அந்த எண்ணுக்குள் ஐந்து இரண்டு தடவை ஒளிந்திருப்பதைக் கண்டாள். ஐந்தை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால், அதையே ஐந்து இடம் தள்ளினால் நூற்று அறுபது. கூடப் பதினாறு, கூட இன்னொரு ஐந்து. மூன்றே கூட்டல். பெருக்கலுக்கு ஒன்று மிச்சம். சிப் முழுவதும் அதைச் செய்து பார்த்தபோது பதினெட்டுக் கட்டம் காலியானது. காப்புச் சுற்றை உள்ளே வைத்தாள். இந்தத் தடவை இடம் மிச்சம் இருந்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கூட்டக்கூடிய எல்லா ஜோடியையும், அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தையும், கம்ப்யூட்டரில் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தாள். நோட்டில் 'வராது' என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை.

ஜனவரியில் காந்திமதிநாதன் போன் செய்தார். புதிய அடித்தளம் போட்டாகிவிட்டது. மேனேஜரிடம் பேசியிருக்கிறார். கார்டு எதையும் நிறுத்த வேண்டாம், எண்ணை மட்டும் காட்டட்டும், ஆறு மணி நேர நிறுத்தமும் இருக்கட்டும் என்றால் அவருக்கு ஆட்சேபமில்லையாம்.

"அதுதான் எனக்கும் வேணும் சார்" என்றாள் ஜனாபா.

பொருத்திவிட்டு வந்த மறுநாளிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, கல்லூரிக்குக் கிளம்பும் முன் அவள் மில்லுக்குப் போன் போட்டாள். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு என்று காந்திமதிநாதன் படிப்பார். பாதிக்குத் தள்ளிப் பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்த்தேன், இருபத்தொன்று என்பார். இத்தனைக்கும் அந்தச் சோதனை இனித் தேவையே இல்லை, புதிய சுற்று கவிழாது என்று இருவருக்கும் தெரியும். அர்ஷியாகூடக் கேலி செய்து பார்த்து அலுத்துவிட்டாள்.

மார்ச்சில் ஒருநாள் முஹ்சின் விடுப்பில் வந்து இறங்கினார். வீடெல்லாம் ஆட்கள், பெட்டி, பேச்சு, சிரிப்பு. ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது. ஜனாபா எடுத்தாள்.

"என்ன மேடம், இன்னைக்குக் கேக்கவே இல்லியே?" என்றார் காந்திமதிநாதன். "நான் பாத்து வச்சிருக்கேன். நாப்பத்தொண்ணு."

அவள் சுவர் மணியைப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம் முழுசாக அவளுக்கு அந்த ஞாபகமே இல்லாமல் போயிருந்தது.

"பாதி?" என்று கேட்டாள், பழக்கத்தில்.